ஊருக்குத் தொழில் வரும்போது: வடசென்னை தரும் பாடம்

நம் கிராமங்கள் பலவற்றுக்கு இன்று தொழிற்சாலைகள் வந்துகொண்டிருக்கின்றன. வயலோரத்தில் அளவைக் கற்கள் நடப்படுகின்றன. நிலத்தின் விலை ஏறுகின்றது. இளைஞர்கள் வேலையை எதிர்பார்க்கின்றனர். முதியோர்கள் ஏரியையும் கிணற்றையும் எண்ணிக் கவலை கொள்கின்றனர். இத்தகைய வேளையில் பஞ்சாயத்து என்ன செய்தல் வேண்டும்? தொழிலை வரவேற்பதா, மறுப்பதா என்று மட்டும் கேட்பது போதாது. யாரைக் கலந்துகொண்டு, எவற்றை எழுதிவைத்து, எந்த நிபந்தனைகளோடு வரவேற்பது என்பதே நாம் ஆராய வேண்டிய வினாவாகும்.

இதற்கு விடை காண, தொழிலோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய ஒரு பகுதியை நோக்குவோம். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்கள் அமைந்த வடசென்னைக் கடற்கரையே அது. 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அப்பொழுது வடக்கே இருந்தவை மீனவர் குப்பங்களும், கோயிலூரான திருவொற்றியூரும், உப்பளங்களும், வயல்களுமே. துறைமுகமும் ரயிலும் வளர, ஆலைகளும் வளர்ந்தன. 2011ஆம் ஆண்டில் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. கிராமம் நகரமாவது எவ்வாறு என்பதையும், அவ்வாறு ஆகும்போது எவை கிடைக்கின்றன, எவை இழக்கப்படுகின்றன என்பதையும் இங்கே கண்கூடாகக் காணலாம்.

கொட்டகையில் பிறந்த தொழில்

பெருந்தொழில் என்றவுடன் பெருமுதல் நம் நினைவுக்கு வருகின்றது. ஆனால் 1946ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்னும் இளைஞர் தொடங்கியது ஒரு சிறு கொட்டகையே. அங்கே அவர் செய்தது குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன். அவற்றைத் தாமே கடைகளுக்கு எடுத்துச் சென்று விற்றார். வாங்குவோர் எதனை விரும்புகின்றனர், எதில் குறை காண்கின்றனர் என்பதை அவ்வாறே அறிந்துகொண்டார். 1952ஆம் ஆண்டில், தேய்ந்த டயரைப் புதுப்பிக்க உதவும் ரப்பரைச் செய்யத் தொடங்கினார். 1961ஆம் ஆண்டில் அக்கொட்டகையின் வழித்தோன்றலான மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி டயர் உற்பத்தியில் இறங்கியது. அண்டையிலுள்ள எண்ணூரில், 1948ஆம் ஆண்டில் இரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955ஆம் ஆண்டில் அசோக் லேலண்ட் ஆயிற்று.

இத்தொழில்களால் பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்தன. கடைசல் வேலையும் வார்ப்பு வேலையும் கற்ற இளைஞர்கள் சிறு பட்டறைகளை அமைத்தனர். மலைச்சரிவில் ரப்பர் பயிரிட்ட விவசாயிக்கும் உறுதியான சந்தை கிடைத்தது. தொழில் ஊருக்குத் தரும் நன்மையை நாம் ஒருபோதும் குறைத்து மதிப்பிடலாகாது.

கடைக்காரர்கள் கேட்ட குறை

ஆயினும் தொழிலை நடத்துவோர் மட்டுமே ஊரை உருவாக்குவதில்லை. இராயபுரத்துக்கு மேற்கே பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாட்டிக் என்னும் பஞ்சாலைகள் இருந்தன. அவ்வட்டாரத்தில் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்னும் இருவர் சிறு வணிகம் செய்து வந்தனர். வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்திச் சபையையும் அவர்கள் நடத்தினர். கடைக்கும் சபைக்கும் வந்த தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சொன்னார்கள்: கூலி போதவில்லை, நண்பகலில் உண்பதற்கும் நேரம் போதவில்லை, மேலாட்கள் இழிவாக நடத்துகின்றனர்.

இவ்விருவரும் கேட்டதோடு நிற்கவில்லை. திரு. வி. க.வையும் பி. பி. வாடியாவையும் நாடிச் சென்றனர். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பெற்றது. நாட்டின் முறையான தொழிற்சங்கங்களுள் அதுவே முதலாவது என்று கருதப்படுகின்றது. ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள்மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. சங்கம் அமைப்போருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற எண்ணம் நாடெங்கும் வலுப்பெற்று, 1926ஆம் ஆண்டில் தொழிற்சங்கச் சட்டமாக உருவாயிற்று.

இதிலே கசப்பான பாடமும் உண்டு. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் சாதியால் பிளவுபட்டனர்; புளியந்தோப்பில் கலவரம் மூண்டது; உயிர்கள் பறிபோயின; சங்கமும் தளர்ந்தது. சேரியின் குரலையும் தெருவின் குரலையும் ஒருங்கே கேளாத எந்த அமைப்பும் நெருக்கடி வரும்போது உடைந்துவிடும். பஞ்சாயத்துக்கும் இது பொருந்தும்.

கழிமுகத்தின் கதை

இனி, கேளாமல் விட்டதன் விளைவைக் காண்போம். கொசத்தலையாறு கடலோடு கலக்குமிடம் எண்ணூர்க் கழிமுகம். பக்கிங்காம் கால்வாயும் அங்கே வந்து சேர்கின்றது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய குப்பங்களின் மக்கள் தலைமுறை தலைமுறையாக இறாலும் நண்டும் மீனும் பிடித்து வாழ்ந்த நீர்நிலை அது. வரைபடத்தில் நோக்குவோருக்கு அது வெற்றுச் சதுப்பாகத் தோன்றியது. மீனவருக்கோ அது விளைநிலம்.

அதன் கரைகளில் அனல்மின் நிலையங்கள் எழுந்தன. 1990களின் நடுவில் வடசென்னை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலக்கரியை எரித்தபின் எஞ்சும் சாம்பலை நீரிற் கரைத்துக் குழம்பாக்கி, குழாய்கள் வழியே செப்பாக்கத்தின் அருகிலுள்ள சாம்பற் குட்டைக்கு அனுப்பினர். அக்குழாய்கள் கழிமுகத்தைக் கடந்து சென்றன. அவை வெடித்தபோதெல்லாம் சாம்பல் நீரில் கொட்டி அடியிற் படிந்தது. ஆழம் குறைந்தது, ஓதநீர் உட்புகும் வழி அடைந்தது, இறால் வளரும் சேறு சாம்பலுக்கடியில் மறைந்தது, படகுகள் தரைதட்டின. ஆற்றின் வாய் மேடானால் மழைவெள்ளம் வடிய வழியின்றி மேலே தேங்கும். ஆகையால் இது மீனவரின் துன்பம் மட்டுமன்று. மேலூர்களில் பயிர் செய்யும் விவசாயியின் துன்பமுமாகும்.

குப்பத்துத் தலைவர்கள் என்ன செய்தனர்? குழாய் வெடித்த இடங்களைப் படம் எடுத்தனர், முறையீடுகள் அனுப்பினர், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரைபடங்களைக் கேட்டுப் பெற்றனர். 1996ஆம் ஆண்டு கடற்கரை மண்டல வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்த நீர்ப்பரப்பு, பின்னர்த் தரப்பட்ட வரைபடத்தில் இல்லை என்பதை ஒப்பிட்டுக் காட்டினர். பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினர். தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022ஆம் ஆண்டில் சாம்பலால் நேர்ந்த கேட்டினை ஏற்று, அதனைச் சீர்செய்யும் பொறுப்பை மின் நிறுவனத்தின்மேல் வைத்தது. எழுத்தும் சான்றும் இல்லாதிருப்பின் இது கைகூடியிராது.

துன்பம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. 2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் எண்ணூருக்கு அப்பால் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியது. மீனவரும் தொண்டர்களும் வாளியால் அதனை அள்ளினர். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கழிமுகத்துக்கு வந்து வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு, எண்ணூரிலுள்ள உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் முதலிய இடங்களின் மக்கள் மூச்சுத் திணறி, உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினர். ஆபத்து வந்தால் எத்திசையில் செல்வது, யாருக்குச் சொல்வது என்பது ஆலை தொடங்கும் நாளிலேயே ஊராருக்குக் கற்பிக்கப்பட வேண்டியது என்பதை அவ்விரவு உணர்த்தியது.

மீஞ்சூர்க் கிணறுகள்

எண்ணூருக்கு வடமேற்கே மீஞ்சூர். அங்குள்ள மணற்பாங்கான நிலத்தடியில் நன்னீர் நிறைந்திருந்தது. நகருக்கும் ஆலைகளுக்கும் வேண்டி அந்நீர் பெருமளவில் இறைக்கப்பட்டது. நன்னீர் மட்டம் தாழ்ந்தால் கடல்நீர் நிலத்தடியே உட்புகும். 1969ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வரை வந்திருந்த உவர்நீர், பின்னர் மேலும் உள்ளே பரவியது. நெல் விளைந்த வயலின் கிணறு உவர்த்தது. 1987ஆம் ஆண்டில் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடிநீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2010ஆம் ஆண்டில், காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் அளவில், இயங்கத் தொடங்கியது. நிலத்தடியில் இயற்கை சேர்த்துவைத்திருந்ததை இழந்தபின், பெரும் பொருட்செலவில் கடலிலிருந்து நீரைப் பிரித்தெடுக்க நேர்ந்தது.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய முறைகள் சில:

1. பொது நிலத்தைப் பதிவு செய்க. ஏரி, ஓடை, மேய்ச்சல் நிலம், சதுப்பு ஆகியவற்றின் புல எண்ணையும் பரப்பையும் 'அ' பதிவேட்டோடும் புலப்படத்தோடும் ஒப்பிட்டு, படி ஒன்றினை அலுவலகத்தில் வைத்தல் வேண்டும். புறம்போக்கு என்பது யாருக்கும் உரிமையில்லாத நிலமன்று, அனைவருக்கும் உரியது.

2. நீரை முன்னரே அளந்து வைக்க. ஆலை வருமுன், ஊரின் சில கிணறுகளில் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் கோடையில் ஒருமுறை, மழைக்குப்பின் ஒருமுறை சோதித்துத் தேதியோடு குறிக்க வேண்டும். முன்கணக்கு இல்லாதவன் பின்னால் நட்டத்தைக் காட்ட இயலாது.

3. கருத்துக்கேட்புக் கூட்டத்தைத் தவறவிடாதீர். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அதில் குறிப்பிட்ட திட்டங்களுக்கு 30 நாள்களுக்குக் குறையாத முன்னறிவிப்போடு கருத்துக் கேட்க வேண்டும். திட்டச் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். அதனைக் கிராம சபையில் படித்து, மீனவர், உழவர், கூலியாட்கள், பெண்கள் ஆகியோரின் கருத்தை எழுதி, தீர்மானமாகக் கூட்டத்தில் அளிக்க வேண்டும்.

4. வேலைவாய்ப்பைப் பேசும்போதே பாதுகாப்பையும் பேசுக. எச்சரிக்கை ஒலி, வெளியேறும் வழி, மருத்துவ வசதி ஆகியவற்றை எழுத்தாகக் கேட்டுப் பெறுக.

ஆராய்ச்சிக்குரிய வினாக்கள்

அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் இவற்றை ஆராய்வார்களாக: நம் ஊரில் எந்த நீர்நிலை பதிவேட்டில் ஓர் அளவாகவும் நேரில் வேறோர் அளவாகவும் உள்ளது? ஊரின் பொது நிலத்தை நம்பிப் பிழைப்போர் யாவர்? கிராம சபையில் இதுவரை வாய்திறந்து பேசாதவர் யார், ஏன்?

மாம்மன் மாப்பிள்ளை கடைகளில் கேட்டார். பெரம்பூர் வணிகர்கள் தொழிலாளரிடம் கேட்டனர். ஒன்று பெருந்தொழிலாயிற்று, மற்றொன்று சட்டமாயிற்று. எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவரைக் கேளாததன் விலையை இன்றும் செலுத்தி வருகின்றோம். ஊர் கூடித் தேர் இழுப்பது நம் மரபு. தேர் செல்லும் பாதையையும் ஊர் கூடியே முடிவு செய்வோமாயின், வருகின்ற தொழில் நம் மக்களுக்கு வாழ்வளிக்கும். நம் நீரும் நிலமும் வருந்தலைமுறைக்கு எஞ்சும்.