குழந்தைகளும் காய்கறியும்

"கண்ணுக்கு நல்லது, தின்னு" என்று கூறிக் குழந்தைக்குக் காரட்டை ஊட்டப் பார்க்கிறோம். நான்கு வயதுப் பிள்ளைக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது? பயனை எடுத்துரைத்து உண்ணவைக்கும் முயற்சி பெரும்பாலும் இங்கேயே தோற்றுவிடுகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வகுத்த அளவுப்படி, இரண்டு முதல் ஐந்து வயதுவரை நாள்தோறும் 250 கிராம் காய்கனிகளாவது வேண்டும். ஒன்பது வயதுவரை 350 கிராம். பத்து வயது முதல் 400 கிராம். இவ்வளவையும் அதட்டி ஊட்டிவிட இயலாது. பிள்ளையே விரும்பி உண்ணவேண்டும்.

விருப்பம் எவ்வாறு பிறக்கிறது? புதிய உணவுக்கு அஞ்சுதல் இரண்டு வயது முதல் ஆறு வயதுவரை மிகுதி. கசப்பைக் கண்டு விலகுவது, நச்சுச் செடிகளினின்று தப்ப இயற்கை வைத்த காவல் என்பர். இக்காவலைத் தளர்த்த வல்லது பழக்கமே. ஒரு காயைப் பத்து முறை, சிலவேளை பதினைந்து முறை, சிறிதளவு சுவைத்த பின்னரே பல குழந்தைகள் அதனை ஏற்கின்றனர். நாமோ மூன்றாம் முறையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்! பழக்கம் பிறக்குமுன்பே தொடங்குவதும் உண்டு. அமெரிக்காவில் ஜூலி மெனெல்லா குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்றபோதோ பாலூட்டியபோதோ காரட் சாறு பருகிவந்த தாய்மாரின் குழந்தைகள், காரட் கலந்த கூழுக்கு முகம் சுளித்தது குறைவு.

கொச்சி மட்டாஞ்சேரியில் என் தமக்கை வாழ்கிறாள். மலையாளிகள், கொங்கணியர், குசராத்திகள், தமிழர் எனப் பலரும் நெருங்கி வாழும் ஊர் அது. அவள் மகன் சாம்பாரில் முருங்கைக்காயைக் கண்டால் தட்டின் ஓரம் ஒதுக்குவான். அதே காயை எதிர்வீட்டுக் குசராத்தி அம்மையார் கடலைமாவு சேர்த்துச் சமைத்து, தம் பிள்ளைகளோடு அமர்த்திக் கொடுத்தபோது சப்பிச் சப்பி உண்டான், யாரும் வற்புறுத்தவில்லை. பின்னர் அவியலிலும் ஏற்றுக்கொண்டான். கொங்கணித் தோழன் வீட்டில் சீமைப்பலாவை வட்டமாக அரிந்து, காரம் தடவி வறுத்துத் தருவார்கள். அதற்கு அவனே முதல் ஆள். சாம்பாரோடு மட்டும் வழக்கு இன்னும் முடியவில்லை. ஒரே காயைப் பல உருவில், உடன் உண்போர் நடுவே கொடுப்பது எத்துணைப் பயன் தருகிறது என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

"கீரையைத் தின்றால் மிட்டாய்" என்னும் பேரம் ஆபத்தானது. பரிசு பெறுவதற்காகப் பருகச் செய்த பானத்தின்மீது குழந்தைகளின் விருப்பம் பின்னர்க் குறைந்ததை லீயான் பர்ச் என்னும் உளவியல் அறிஞர் 1980களில் காட்டினார். கீரை தண்டனை, மிட்டாய் விடுதலை என்றுதானே பிள்ளையும் கணக்கிடும்!

கேரளத்துத் தோரனை இங்கே பாராட்டவேண்டும். காயைப் பொடியாக அரிந்து தேங்காய்த் துருவலோடு வதக்குவதால் நாரும் கசப்பும் உறுத்துவதில்லை. கீரையிலும் காரட்டிலும் உள்ள கரோட்டின் உடலிற் சேரக் கொழுப்பு வேண்டும். அதனைத் தேங்காய் தந்துவிடுகிறது. கீரையின் இரும்புச்சத்து சேர வைட்டமின் சி துணை. அருகில் ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ இருந்தால் போதும். கனிக்கு இத்தனை சூழ்ச்சி தேவையில்லை. கழுவி, அரிந்து, பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தால் தானே தீரும். சாறு பிழிந்து சர்க்கரை கலப்பவர்கள் நாரைக் குப்பையில் போட்டுவிட்டு இனிப்பைக் குழந்தைக்குக் கொடுக்கிறார்கள்.