குதிரைச் சக்தியும் சுழல்வெட்டியின் அகலமும்

பல்லாண்டு உழாது கிடந்த நிலத்திற் புல்லும் புதரும் ஆளுயரம் மண்டியவழி, அதனைத் திருத்தப் புகுவோன் முதற்கண் வினவுவது, "எத்துணைப் பெரிய டிராக்டருக்கு எத்துணை அகலமான வெட்டுங்கருவி பொருந்தும்?" என்பதேயாம். அடிக்கு 5 குதிரைச் சக்தி என்று வழக்கறிந்தோர் விடை கூறுவர். இவ்வெண்ணின் காரணத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

குதிரைச் சக்தி என்பது ஜேம்ஸ் வாட் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த அளவு. 33,000 ராத்தல் எடையை ஒரு நிமிடத்தில் ஓரடி உயர்த்தும் ஆற்றலே அது. நாள் முழுதும் இங்ஙனம் உழைக்கவல்ல குதிரை அரிதாதலின், வாட் சற்றுத் தாராளமாகவே அளந்துவிட்டார் போலும்.

இனி ஒரு வியப்பைக் காண்போம். டிராக்டர் பெருகுமுன் அமெரிக்க உழவர் இரண்டு குதிரை பூட்டிய கருவியால் ஏறக்குறைய 5 அடி அகலம் புல் அரிந்தனர். டிராக்டரின் பின் இணைக்கும் சுழல்வெட்டியோ அதே 5 அடிக்கு 25 குதிரைச் சக்தி கேட்கிறது. இரண்டு எங்கே, இருபத்தைந்து எங்கே!

வேறுபாடு வெட்டும் முறையில் உளது. குதிரைகள் இழுத்த கருவியின் பல்வரிசை அலகு, நிலத்தையொட்டி இருபுறமும் அசைந்து, கத்தரிக்கோல் போலத் தாளை அடியில் ஒருமுறை நறுக்கிச் சாய்க்கும். சுழல்வெட்டி கூர்மையினும் வேகத்தையே நம்புவது. அதன் தடித்த அலகின் நுனி மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட விரைவிற் சுழன்று தண்டை அடித்து முறிக்கும். முறித்ததை மேலும் சிதைத்துத் தள்ளும். ஆற்றல் இச்சிதைப்பிற் பெரிதும் செலவாகிறது. ஆயினும் கொடியும் முள்ளும் பின்னிக் கிடக்குமிடத்துக் கத்தரிக்கும் அலகு அடைபட்டு நின்றுவிடுமாதலின், ஆங்குச் சுழல்வெட்டியே வேண்டப்படும்.

கணக்கிடுங்கால், விளம்பரத்திற் காணும் எஞ்சின் சக்தியைக் கொள்ளலாகாது. பி.டி.ஓ. என வழங்கும் பின்தண்டிற்கு வந்து சேரும் சக்தியே கணக்கிற்குரியது. அஃது எஞ்சின் சக்தியினும் குறைவு. அத்தண்டு நிமிடத்திற்கு 540 முறை சுழலுமாறு எஞ்சினை ஓட்டல் வேண்டும். புதர் அடர்ந்தவழி எஞ்சின் வேகத்தைக் குறையாது தாழ்ந்த கியரில் மெல்லச் செல்லுதலும், அலகை உயர்த்தி இருமுறை வெட்டுதலும், பாதி அகலமே கொள்ளுதலும் தக்கன.

அளவு பொருந்தினும் அபாயம் ஒன்றுண்டு. ஃபோர்டு நிறுவனம் 1947 முதல் 1952 வரை செய்த 8என் டிராக்டர், ஏறக்குறைய 25 குதிரைச் சக்தியுடையது. 5 அடி வெட்டிக்கு ஏற்றதென இன்றும் சிலர் கொள்வர். ஆனால், அதில் ஓட்டுவோன் நிறுத்தக் கருதிக் கிளட்சை மிதித்தாலும், விரைந்து சுழலும் கனத்த அலகு தன் வேகத்தைப் பின்தண்டு வழியே கியர்ப்பெட்டிக்குச் செலுத்திச் சக்கரங்களை உருட்டும். வேலியோ பள்ளமோ மனிதனோ முன்நிற்க, வண்டி நில்லாது செல்லும்! இதனை விலக்கப் பின்தண்டின் முனையில் ஓர் இணைப்பு மாட்டுவர். சைக்கிளில் மிதியாதபோதும் பின்சக்கரம் தானே உருளுவது போல, இதனால் அலகு தன்போக்கிற் சுழன்று ஓயும், டிராக்டரை உந்தாது. இதனை மாட்டியபின் பின்தண்டு சில அங்குலம் நீளுமாதலின், வெட்டியோடு இணைக்கும் தண்டை வேண்டுமளவு குறைத்துக்கொள்ளல் வேண்டும்.