நேட்டால் தமிழர் குடும்பப்பெயர்கள்: முன்னோர் மரபறிதலில் ஒலியியற் சான்றின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் இன்று தாங்கும் குடும்பப்பெயர்கள் உருவான முறையையும், அவற்றைக்கொண்டு முன்னோரின் ஊரையும் குலத்தையும் அறிய இயலுமா என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மரபறிதலில் குடும்பப்பெயர் வலுக்குறைந்த சான்று. குடியேற்ற எண்ணும் ஊர்ப்பதிவும் வலுவான சான்றுகள். அப்பதிவுகளைப் படிக்கத் தமிழ் ஒலியியலறிவு இன்றியமையாதது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: நேட்டால், கப்பற்பட்டியல், குடும்பப்பெயர், குடியேற்ற எண், ஒலிபெயர்ப்பு, பட்டப்பெயர்.

முன்னுரை

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. 1911இல் இம்முறை முடிவுக்கு வரும்வரை 152,184 பேர் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இருபங்கினர் சென்னை வழியாகச் சென்றோர். தமிழரும் தெலுங்கருமே அவர்களுள் மிகுதி. அவர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் இன்று பூர்வீக ஊரைத் தேடுகின்றனர். கடல்கடந்த இந்தியக் குடியுரிமை அட்டைக்கு விண்ணப்பிப்போர்க்கு முன்னோரின் இந்தியத் தோற்றத்தை நிறுவும் ஆவணமும் தேவைப்படுகிறது. பலரிடம் எஞ்சியிருப்பது ஒரு குடும்பப்பெயர் மட்டுமே. அப்பெயரைத் தவறாகப் பொருள்கொண்டால் தேடல் தவறான மாவட்டத்தில் தொடங்கி, பயனின்றி முடியும்.

தமிழ்ப் பெயரிடு மரபும் குடும்பப்பெயரும்

தலைமுறை தலைமுறையாக மாறாது தொடரும் குடும்பப்பெயர் தமிழ் மரபில் பொதுவழக்கு அன்று. ஊர், தொழில், தந்தை பெயர், இயற்பெயர் ஆகியவை கூடியே ஒருவரை அடையாளம் காட்டின. ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்னும் சங்கப்புலவர் பெயரில் இந்நான்கும் அமைந்துள்ளன. பிற்காலத்தில் குலப்பட்டமும் இவற்றோடு சேர்ந்தது. குடியேற்ற நாட்டு ஆவணமுறையோ ஒரு முதற்பெயரையும் ஒரு குடும்பப்பெயரையும் மட்டுமே வேண்டியது. எனவே தந்தை பெயரோ, பாட்டன் பெயரோ, குலப்பட்டமோ அவ்விடத்தில் அமர்ந்து நிலைபெற்றது. ஊர்ப்பெயர் உதிர்ந்தது.

தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, 1914 பிப்ரவரி 22இல் மறைந்த அவரைத் தமிழகம் பூர்வீக ஊரின் பெயரால் வழங்குகிறது. தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரக வரலாற்றில் காந்தியடிகள் அவரைத் தந்தையின் பெயரும் ‘முதலியார்’ என்னும் பட்டமும் சேர்த்துக் குறித்தார். ஒருவருக்கே ஊர்வழிப் பெயர் ஒரு நாட்டிலும் தந்தைவழிப் பெயர் மற்றொரு நாட்டிலும் நிலைத்தன.

கப்பற்பட்டியலின் சான்றுவலிமை

ஒவ்வொரு கப்பலிலும் சென்றோரின் பெயர், தந்தை பெயர், வயது, பால், குலம், மாவட்டம், வட்டம், ஊர், உயரம், உடல் அடையாளம் ஆகியவை பட்டியலில் பதியப்பட்டன. ஒவ்வொருவர்க்கும் தனித்த குடியேற்ற எண் வழங்கப்பட்டது. இப்பட்டியல்களை அடிப்படையாகக் கொண்டு சுரேந்திர பானா 1860 முதல் 1902 வரையிலான குடியேற்றத்தை ஆராய்ந்து 1991இல் நூலாக வெளியிட்டார்.

பட்டியலில் பெரும்பாலோர்க்கு இயற்பெயரும் தந்தை பெயருமே காணப்படுகின்றன. இன்று பிள்ளை, முதலி, படையாச்சி என வழங்கும் ஒரு குடும்பத்தின் முதல் முன்னோர் பட்டியலில் அப்பட்டமின்றி வெறும் முனுசாமியாகவோ சின்னப்பனாகவோ பதிவாகியிருக்கக்கூடும். வீராசாமி மகன் முனுசாமி எனப் பதிவான ஒருவரைக் கருதுக. அவருடைய மக்களுள் ஒருவர் ‘முனுசாமி’ என்பதையும், மற்றொருவர் ‘வீராசாமி’ என்பதையும், வேறொருவர் குலப்பட்டத்தையும் குடும்பப்பெயராகக் கொள்ள வாய்ப்புண்டு. ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளின் வழியினர் வெவ்வேறு குடும்பப்பெயர்களைத் தாங்குவதன் காரணம் இதுவே. பெயர் மாறினும் எண் மாறுவதில்லை என்பதால் எண்ணே முதன்மைச் சான்றாகிறது.

ஒலிப்பும் எழுத்தும்

தமிழில் வல்லெழுத்துகள் சொன்முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் ஒலிப்பின்றியும், மெல்லெழுத்தை அடுத்தும் உயிரிடையிலும் பெரும்பாலும் ஒலிப்புற்றும் வருதலைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) விளக்கினார். ஆங்கில எழுத்தர் தம் காதில் விழுந்ததை உரோமன் எழுத்தில் எழுதினர். அதனால் மூன்று இழப்புகள் நேர்ந்தன.

1. லகர, ளகர, ழகர வேறுபாடும் ரகர, றகர வேறுபாடும் மறைந்தன.
2. தகரமும் டகரமும் மெல்லெழுத்தின் பின் ஒரே எழுத்தால் குறிக்கப்பட்டன.
3. குறில், நெடில் வேறுபாடு நிலையாகக் காட்டப்படவில்லை. ‘முதலி’ என்பது ‘மூட்லி’ என நீண்டதும், இடையுயிர் கெட்டு ‘முனுசாமி’ என்பது ‘மூன்சாமி’ எனக் குறுகியதும் இதனால்.

‘கோவெண்டர்’: ஒரு பெயராய்வு

தென்னாப்பிரிக்கத் தமிழரிடையே பெருவழக்கான இப்பெயர்க்கு இரு விளக்கங்கள் கூறப்படுகின்றன. ஒன்று ‘கவுண்டர்’ என்பதன் திரிபு; மற்றொன்று ‘கோவிந்தன்’ என்னும் இயற்பெயரின் திரிபு.

மெய்களைக்கொண்டு இதனை முடிவுசெய்ய இயலாது. ‘ண்ட்’, ‘ந்த்’ இரண்டும் உரோமன் எழுத்தில் ஒன்றே. உயிர்களுள் முதலில் உள்ள ஓகரம் ‘கோவிந்தன்’ என்பதற்கு இசைவது. எனினும் ‘கவு’ என்பதில் வகர உகரச் சார்பால் அகரம் இதழ்குவிந்து ஒலிக்கக்கூடும் என்பதால் அது உறுதியான சான்றன்று. இரண்டாம் அசையில் இகரம் இல்லாமை ‘கோவிந்தன்’ என்பதற்கு எதிரானது. அதே நாட்டில் ‘கோவிந்தசாமி’, ‘கோவிந்தென்’ என்னும் குடும்பப்பெயர்கள் இகரத்தோடு வழங்குகின்றன. ஈறே வலுவான சான்று. ‘அர்’ ஈறு பட்டப்பெயர்க்கு இயல்பு. இயற்பெயர்க்கு ‘அன்’, ‘சாமி’ ஈறுகளே பெருவழக்கு. ‘கவுண்டன்’ என்பதன் வடிவமான ‘கவுண்டென்’ அங்குத் தனிக் குடும்பப்பெயராக வழங்குவதும் நோக்கத்தக்கது. ஆகவே சொல்வடிவம் ‘கவுண்டர்’ பக்கமே சாய்கிறது. ஆயினும் ஒரு தனிக் குடும்பத்தில் எழுத்தர் ‘கோவிந்தன்’ என்பதைப் பெருவழக்கான வடிவில் எழுதியிருக்கும் வாய்ப்பை ஒலியியல் மட்டும் விலக்கிவிடாது.

பட்டமும் குலமும்

மூலம் ‘கவுண்டர்’ எனக் கொண்டாலும் குலம் தெளிவாவதில்லை. கொங்கு வேளாளர், வேட்டுவர், வட தமிழகத்து வன்னியர் முதலிய பல குலத்தார்க்கும் அது பட்டமாகும். இன்றைய வழக்கில் கொங்கு நாட்டோடு அப்பட்டம் நெருங்கியிருத்தலால் கோவை, ஈரோடு பகுதிகளில் தேடத் தோன்றும். நேட்டாலுக்கு மிகுதியாக ஆள் சென்ற மாவட்டங்களுள் ஒன்று வட ஆற்காடு. அங்குக் கவுண்டர் என்பது வன்னியர்க்கு வழங்கும் பட்டம். ‘பிள்ளை’, ‘முதலியார்’ என்பனவும் இவ்வாறே பல குலங்களுக்குப் பொதுவாவன. பட்டியலின் குலப்பதிவும் பதிவின்போது சொல்லப்பட்டதை எழுதியதே. அதனையும் பிற பதிவுகளோடு ஒப்பிட்டே கொள்ள வேண்டும்.

தேடல் நெறி

முதலில் குடும்பத்தின் பிறப்பு, திருமண, இறப்பு ஆவணங்களில் குடியேற்ற எண்ணைக் காணல் வேண்டும். அதன்வழிக் கப்பற்பட்டியலை அடைந்து, மாவட்டம், வட்டம், ஊர் என்னும் வரிசையில் இடத்தை வரையறுத்தல் தகும். புதூர், நல்லூர் போன்ற பெயர்கள் பல இடங்களில் உள்ளமையால் வட்டத்தை விடுத்து ஊரைத் தேடுவது பயன்தராது. எல்லை மாற்றங்களும் கருதத்தக்கன: பழைய வட ஆற்காட்டின் ஒரு பகுதி 1911இல் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது, 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று, 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. இறுதியாக, உரோமன் வடிவம் இடந்தரும் தமிழ் வடிவங்கள் அனைத்தையும் வரிசைப்படுத்தி, அவ்வட்டத்து ஊர்ப்பெயர்களோடு ஒப்பிடுதல் வேண்டும். தாய்வழி எண்ணைத் தொடர்வதும் இன்றியமையாதது. தந்தைவழி அறுபடும் இடத்தில் பல குடும்பங்களுக்கு அதுவே எஞ்சும் வழி.

முடிவுரை

• நேட்டால் தமிழரின் குடும்பப்பெயர், தமிழ்ப் பெயரிடு மரபும் குடியேற்ற ஆவணமுறையும் மோதியதால் விளைந்தது. அது தொன்றுதொட்ட குலக்குறி அன்று.
• ஒலியியல் ஒரு பெயரின் மூலவடிவங்களைக் குறுக்கித் தரும். ஒரு குடும்பத்தின் மூலத்தை உறுதிசெய்வது ஆவணமே.
• பட்டப்பெயரைக்கொண்டு குலத்தையோ வட்டாரத்தையோ முடிவுசெய்தல் பிழைக்கு வழிவகுக்கும்.
• கப்பற்பட்டியலின் ஊர்ப்பெயர்களுக்குத் தமிழ் வடிவங்களை மீட்டெழுதி அடைவாக்கும் பணி தமிழாய்வாளர்க்கு உரியது. அவ்வடைவு அமையுமாயின், பூர்வீகம் தேடி வருவோர் தம் ஊரைச் சரியான வட்டத்தில் தேடத் தொடங்குவர்.