கூடு நழுவிய விரலுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஆவணி முகூர்த்தத்தன்று விடியற்காலை நாலரை மணி. பந்தலில் தவிலோடு உட்கார்ந்து விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொண்டிருந்தாய். இரண்டு தடவை ஒரு கூடு நழுவி ஜமக்காளத்தில் விழுந்தது. தாளம் போடும் பையன் எடுத்துக் கொடுத்தான். அப்புறம் எழுந்து சமையல் கொட்டகைப் பக்கம் போனாய். திரும்பி வந்தபோது கை நடுக்கம் நின்றிருந்தது. கெட்டிமேளத்தில் ஒரு பழுதும் இல்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் உனக்குச் சால்வையே போர்த்தினார். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. பதினோரு வருஷம் அதே கொட்டகைப் பக்கம் போய் வந்தவன் நான்.

‘உள்ளே இறங்கினால்தான் கை பேசும்’ என்று நம் தொழிலில் ஒரு பேச்சு. செத்துப்போன வித்வான்களின் பெயரைச் சொல்லி அதற்கு நியாயமும் கற்பித்துவிட்டோம். கை பேசுவதாவது! ராத்திரி குடித்தது இறங்கும்போது வருகிற நடுக்கத்தைக் காலையில் குடிப்பது அடக்குகிறது. கந்துவட்டிக் கடனை அடைக்கக் கந்துவட்டிக்கே கை நீட்டுகிற கதை.

எனக்கு இது உறைத்தது ஓர் அமெரிக்க டாக்டரின் கதையைக் கேட்டபோது. ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் டாக்டர் பாப் என்று ஒரு அறுவை சிகிச்சை நிபுணர், மொடாக்குடியர். 1935இல் நியூயார்க்கிலிருந்து பில் என்பவர் அங்கே வியாபாரமாக வந்தார், காரியம் கெட்டது. குடியை விட்டு ஆறு மாதம்கூட ஆகாத மனிதர், ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார், பக்கத்தில் பார் சத்தம். இன்னொரு குடிகாரரோடு பேசினால்தான் தப்பிக்கலாம் என்று தோன்றி, சர்ச்சுகளுக்குப் போன் போட்டு ஆள் தேடினார். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்த டாக்டர் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகும் ஒரு தடவை சறுக்கினார். ஆபரேஷன் நாளன்று காலையில் கை நடுங்க, பில்லே ஒரு பாட்டில் பீர் கொடுத்து அனுப்பினார். அதுதான் டாக்டர் கடைசியாகக் குடித்தது. 1950இல் இறக்கும்வரை தொடவில்லை. அந்தக் கடைசி பீர் நாளான ஜூன் 10ஆம் தேதியைத்தான், குடியை விட விரும்புகிறவர்கள் கூடுகிற ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, நம் ஊர் வழக்கில் ஏஏ, பிறந்த நாளாகக் கொள்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே வீம்பாக நிறுத்திவிடாதே. தினமும் குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி பிசகிப் பிதற்றலாம், உயிரே போகலாம். முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போ. மாத்திரையோடு நிறுத்து. 14446 என்ற இலவச எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். ஏஏ கூட்டம் எங்கே நடக்கிறது என்றும் அந்த வார்டிலேயே விசாரி.

எங்கள் கூட்டம் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு பள்ளி வகுப்பறையில். மூன்றாம் வகுப்புப் பெஞ்சு, முழங்கால் இடிக்கும். கரும்பலகையில் வாய்ப்பாடு அழியாமல் இருக்கும். கட்டணம் இல்லை, கடைசியில் ஒரு பை சுற்றி வரும், இருந்தால் போடு. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி கேட்கமாட்டார்கள். முதல் நாள் நான் வாயே திறக்கவில்லை. லாரி டிரைவர் ஒருவர், மகள் காதுகுத்துக்கு வைத்திருந்த பணத்தைக் குடித்த கதையைச் சொன்னார். அதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லவும் கூடாது. ஊரே நமக்குப் புத்தி சொல்லி ஓய்ந்த பிறகு இப்படி ஓர் இடமா என்று இருந்தது.

கடவுள் பேச்சு வரும், முகம் சுளிக்காதே. எங்களில் ஒரு கறுப்புச் சட்டைக்காரர் உண்டு. “எனக்கு மேலான சக்தி இந்தப் பெஞ்சுதான்” என்பார். (இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொன்னால் மரபு மீறல்.)

அடையாளம் தெரிந்துவிடுமே என்று பயப்படுவாய். நானும் பயந்தேன். கல்யாணப் பத்திரிகையில் பெயர் அச்சாகிறவர்கள் நாம். ஆனால் பந்தலுக்குப் பின்னால் நீ போவது ஊருக்கெல்லாம் தெரியும், தம்பி. தெரியாது என்று நினைப்பது நீ ஒருவன்தான். அறையில் கேட்டது அறையோடு. பத்திரிகையில் பெயர் போட்டுக்கொள்வதும் வழக்கமில்லை. அதனால்தான் இதன் கீழே என் பெயர் இல்லை.

ஒரு கூட்டத்தில் எல்லாம் சரியாகிவிடாது. 90 நாளில் 90 கூட்டம் என்பார்கள். முகூர்த்த மாதத்தில் நமக்கு அது நடக்காது. வெளியூர்க் கச்சேரிக்குப் போனால் அந்த ஊர்க் கூட்டத்தை விசாரி. கும்பாபிஷேகத்துக்கு சிங்கப்பூர் போயிருந்தபோது நான் அங்கேயும் ஒன்றில் போய் உட்கார்ந்தேன், பாதிதான் புரிந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு வரவேற்பில் மறுபடி குடித்தேன். தலை குனிந்து திரும்பிப் போனவனிடம் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நகர்ந்து இடம் விட்டார்கள்.

உன் மனைவியிடம் அல்-அனான் பற்றிச் சொல். குடும்பத்தாருக்கென்று தனியாக நடப்பது. நீ வராவிட்டாலும் அவள் போகலாம்.

சனிக்கிழமை நமக்கு நிகழ்ச்சி இல்லை. மாலை ஆறரைக்குப் பேருந்து நிலையத்தில் பழமுதிர்ச்சோலைக்கு எதிரே நிற்பேன். தவிலை வீட்டில் வைத்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் மேளத்து நாகஸ்வரக்காரன்