எதிரொலியால் அளக்கும் கருவி

வானொலிப் பெட்டி ஒன்றைத் திறந்து அதன் உள்ளமைப்பை நோக்கினால், வேர்க்கடலைப் பருப்பின் அளவினவாய், இரண்டு மெல்லிய கம்பிக் கால்களுடன் நிற்கும் சிறு வில்லைகள் பலவற்றைக் காணலாம். அவை மின்தேக்கிகள். அவற்றுள் சிலவற்றின்மேல் 104 என்னும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பத்து என்னும் எண்ணின்பின் நான்கு சுழிகளை இட்டு, வரும் தொகையைப் பிக்கோஃபாரடு என்னும் அலகில் படிக்கவேண்டும் என்பது அதன் பொருள். அதாவது 1,00,000 பிக்கோஃபாரடு. சுருங்கச் சொன்னால் 100 நானோஃபாரடு. அது செய்தவர் பொறித்த எண். அவ்வெண்ணை மட்டும் நம்பி மின்சுற்று ஒன்றை அமைக்கலாமா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் செய்தியாகும்.

மின்தேக்கி, ஒரே திசையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுத்து நிறுத்தும். திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டத்திற்கு வழிவிடும். அம்மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றதோ அத்தொகையை அதிர்வெண் என்பர். நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வுகள் ஒரு மெகா ஹெர்ட்சு ஆகும். அதிர்வெண் உயர உயர, மின்தேக்கி காட்டும் எதிர்ப்புக் குறைந்துகொண்டே செல்லும். நம் வில்லையின் எதிர்ப்பு 1 மெகா ஹெர்ட்சில் ஏறத்தாழ 1.6 ஓம், கணக்கின்படி 100 மெகா ஹெர்ட்சில் அது 0.016 ஓம் ஆதல் வேண்டும். இவ்வியல்பு கருதியே பொறியாளர் இதனைச் சுற்றின் பல இடங்களில் வைக்கின்றனர். வேண்டாத அதிர்வுகள் மின்வழங்கு கம்பியில் புகுந்தால், மழைநீரை வடிகால் கொண்டு செல்வதுபோல, இவ்வில்லை அவற்றைப் புவித்தொடர்புக் கம்பிக்கு வடித்துவிடும் என்பது அவர்தம் எண்ணம்.

ஆனால் வில்லைக்கு இரண்டு கால்கள் உள அல்லவா? மின்னோட்டம் செல்லும் எந்தக் கம்பியும் தன்னைச் சூழக் காந்தப் புலத்தை உண்டாக்கும். மின்னோட்டம் மாறுவதை அப்புலம் எதிர்த்து நிற்கும். ஆகவே, சுருளாகச் சுற்றப்படாத நேர்க்கம்பியும் ஒரு சிறு மின்தூண்டியே. மெல்லிய கம்பிக்கு, மில்லிமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி எனக் கொள்வது கைக்கணக்கு. ஐந்து மில்லிமீட்டர் நீளமுள்ள கால்கள் இரண்டும் சேர்ந்து 10 நானோஹென்றி ஆகின்றன. மின்தூண்டியின் போக்கு மின்தேக்கியின் போக்குக்கு நேர்மாறானது. அதிர்வெண் உயர உயர அதன் எதிர்ப்பு மிகும். ஒரே பொருளில் இவ்விரு குணங்களும் எதிரெதிரே நிற்கின்றன. நம் வில்லையில் 5 மெகா ஹெர்ட்சு அளவில் அவை ஒன்றையொன்று சரியாக ஈடுசெய்து அழித்துக்கொள்கின்றன. இந்நிலையை ஒத்ததிர்வு என்பர். அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களில் கால்களே வெல்கின்றன. 100 மெகா ஹெர்ட்சில் நாம் எதிர்பார்த்தது 0.016 ஓம், உண்மையில் அங்கே நிற்பதோ 6 ஓமுக்குச் சற்று மிகுதி. ஏறத்தாழ நானூறு மடங்கு! வடிகால் என எண்ணி வைத்தது அங்கே வரப்பாக நிற்கின்றது. மின்தேக்கி கெட்டுப்போகவில்லை, அதன்மேல் பொறித்த எண்ணும் பொய்யன்று. எனினும், அந்த அதிர்வெண்ணில் அது மின்தேக்கியே அன்று.

எளிய அளவிகள் இதனை நமக்கு உரைக்கமாட்டா. அவை தாழ்ந்த அதிர்வெண்ணில் அளந்து, 100 நானோஃபாரடு என்றே காட்டி அமையும். பொருள் எந்த அதிர்வெண்ணில் பணிசெய்கின்றதோ அந்த அதிர்வெண்ணிலேயே அதனை வினவி விடைபெறும் கருவி வேண்டும். அத்தகைய கருவிக்கு வெக்டர் நெட்வொர்க் அனலைசர் என்று பெயர். நாம் இதனைப் பகுப்பாய்வி என்று வழங்குவோம். அமெரிக்க நாட்டின் ஹியூலெட் பாக்கார்டு நிறுவனம் 1967ஆம் ஆண்டில் 8410 என்னும் எண்ணிட்ட பகுப்பாய்வியை வெளியிட்டது. அது தனித்தனிப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அமைத்த பெருங்கருவி. பெரிய ஆய்வுக்கூடங்களே அத்தகைய கருவிகளை வாங்க வல்லனவாயிருந்தன. பின்னர் ஜப்பான் நாட்டு வானொலி ஆர்வலர் ஒருவர், உள்ளங்கையில் அடங்கும் பகுப்பாய்வி ஒன்றை வடிவமைத்து, அதன் சுற்றுப்படத்தையும் அதனை இயக்கும் நிரலையும் யாவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டார். நானோ வி.என்.ஏ. என்பது அதன் பெயர். 2019ஆம் ஆண்டு முதல் அது சீன நாட்டில் பெருந்தொகையாகச் செய்யப்பட்டு, குறைந்த விலையில் உலகெங்கும் பரவியது. முதலில் பரவிய வகை 50 கிலோ ஹெர்ட்சு முதல் 900 மெகா ஹெர்ட்சு வரை அளக்க வல்லது.

அது அளக்கும் முறை வியப்புக்குரியது. கயிறு ஒன்றின் ஒரு முனையைத் தூணில் இறுகக் கட்டி, மறுமுனையைக் கையிற்பிடித்து ஒருமுறை உதறிப் பாருங்கள். கயிற்றில் எழுந்த மேடு தூண்வரை ஓடி, அங்கே தலைகீழாகப் புரண்டு, பள்ளமாக நம்மிடம் திரும்பும். தூணில் கட்டாமல், வழுவழுப்பான கழியில் மேலும் கீழும் வழுக்கி நகரும் வளையம் ஒன்றில் அதனைக் கட்டினால், சென்ற மேடு மேடாகவே திரும்பும். திரும்பி வந்ததைக் கொண்டே மறுமுனை எத்தகையது என்பதை, அங்கே செல்லாமலே, அறிந்துகொள்கின்றோம். பகுப்பாய்வியும் இதனையே செய்கின்றது. நடுவில் ஒரு கம்பியும் அதனைச் சூழ்ந்து ஓர் உலோகப் பின்னலும் உடைய வடத்தின் வழியே அது மின்னலையை அனுப்புகின்றது; வடத்தின் முனையில் உள்ள பொருளிலிருந்து மீளும் அலையை வாங்கி ஆராய்கின்றது. வடமும் கருவியும் 50 ஓமுக்கு என அமைக்கப்பட்டவை. முனையில் 50 ஓம் மின்தடை இருந்தால் அலை முழுவதும் அதில் அடங்கிவிடும், எதிரொலி இராது. முனை வெறுமையாய்த் திறந்திருந்தால் அலை முழுவதும் அவ்வாறே மீளும். முனையை உலோகத்தால் குறுக்கிணைத்தால் முழுவதும் தலைகீழாக மீளும்.

மின்தேக்கியும் மின்தூண்டியும் அலையைத் தம்முள் அடக்கிக்கொள்ளாமல் திருப்பிவிடும். ஆயின் மீளும் அலை சற்றே முந்தியோ பிந்தியோ வரும். ஆதலின் எதிரொலியின் அளவை மட்டும் அறிந்தால் போதாது. எவ்வளவு முந்திற்று அல்லது பிந்திற்று என்பதனையும் அறியவேண்டும். அளவும் திசையும் ஒருங்கே உடைய எண்ணே வெக்டர் எனப்படுவது; கருவியின் பெயரில் அச்சொல் நிற்பதற்குக் காரணம் இதுவே.

இவ்விடைகளைக் கருவியின் சிறு திரையில் ஒரு வட்டத்தினுள் காணலாம். அவ்வட்டத்திற்கு ஸ்மித் வரைபடம் என்று பெயர். அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிலிப் ஸ்மித் என்பார் 1939ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். வட்டத்தின் நடுப்புள்ளி 50 ஓம். வலக்கோடி திறந்த முனை. இடக்கோடி குறுக்கிணைத்த முனை. மேற்பாதி மின்தூண்டிக்கும் கீழ்ப்பாதி மின்தேக்கிக்கும் உரியன. நம் 104 வில்லையை இணைத்தால், 50 கிலோ ஹெர்ட்சில் ஒளிப்புள்ளி கீழ்விளிம்பில் தொடங்கும். அதிர்வெண் ஏற ஏற, கடிகார முள் செல்லும் திசையில் விளிம்பை ஒட்டி ஊர்ந்து, 5 மெகா ஹெர்ட்சளவில் இடக்கோடியை அடையும். அங்கேயே நிற்கும் என்று எண்ணுவோம், நில்லாது. எல்லையைக் கடந்து மேற்பாதிக்கு ஏறி, 900 மெகா ஹெர்ட்சை எட்டுமுன் உச்சியையும் தாண்டிவிடும். மின்தேக்கி என்று விலைகொடுத்து வாங்கிய பொருள், மின்தூண்டியின் நாட்டில் உலவுவதைக் கண்ணால் காணும்போதுதான், கால்களின் வலிமை நன்கு மனத்தில் பதிகின்றது.

இனி, அளப்பவர் முதற்கண் செய்யவேண்டிய பணியைக் கூறுவோம். பாத்திரத்துடன் எண்ணெயை நிறுத்துக் கொடுக்கும் வணிகர், முதலில் வெறும் பாத்திரத்தைத் தட்டில் வைத்து, மறுதட்டில் அதற்கு ஈடான பொருளை இட்டுத் துலாக்கோலைச் சமன் செய்வார். இதனைத் தடைகட்டுதல் என்பர். (மின்தடை என்பதில் வரும் தடை வேறு, இது வேறு.) பகுப்பாய்விக்கும் இவ்வாறு தடைகட்டியாக வேண்டும், ஆனால் இங்கே பாத்திரம் ஒன்றன்று, மூன்று. அனுப்பும் அலையில் ஒரு சிறு பங்கு வெளியே செல்லாமலே கருவியின் செவிக்குள் நேரே கசிந்துவிடும். மீண்டு வரும் அலையில் ஒரு பங்கு கருவியின் வாயில் மோதி மறுபடியும் திரும்பிச் செல்லும். வடத்தில் போய் வருகையில் அலை சற்று மெலிந்தும் காலந்தாழ்ந்தும் போகும். இம்மூன்று பிழைகளும் அறியாத மூன்று எண்கள். மூன்று எண்களைக் காண மூன்று சமன்பாடுகள் வேண்டும் என்பதை இயற்கணிதத்தில் கற்றிருக்கின்றீர்கள். ஆதலின், இயல்பு முன்னரே தெரிந்த மூன்று முனைகளை, அதாவது திறந்த முனை, குறுக்கிணைத்த முனை, 50 ஓம் முனை என்பவற்றை, ஒன்றன்பின் ஒன்றாக வடத்தின் நுனியில் இணைத்துக் கருவிக்குக் காட்டுகின்றனர். ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் அது மூன்று பிழைகளையும் கணக்கிட்டு நினைவில் வைத்து, பின்னர் வரும் ஒவ்வோர் அளவிலிருந்தும் நீக்கிவிடும். அளக்கும் அதிர்வெண் எல்லையையோ வடத்தையோ மாற்றினால் இப்பணியை மீண்டும் செய்தல் நன்று.

இதனைச் சோம்பலால் விட்டவர்க்கு நேர்வது யாது? தடைகட்டிய பின்னர், வடத்தின் நுனியில் ஐந்தரை சென்டிமீட்டர் நீளமுள்ள மற்றொரு சிறு வடத்தைச் சேர்த்து அளப்பதாகக் கொள்வோம். வடத்தினுள் அலை, ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இருபங்கு வேகத்தில் செல்லும். எனவே 900 மெகா ஹெர்ட்சில் அதன் நீளம் சுமார் 22 சென்டிமீட்டர். சேர்த்த துண்டில் போகவும் வரவும் ஆகும் தொலைவு 11 சென்டிமீட்டர். அது சரியாக அரை அலை. அரை அலை பிந்திய மேடு பள்ளமாகவே வந்து சேரும். ஆகவே, ஒன்றும் இணைக்காத வெறும் முனையைக் கருவி குறுக்கிணைத்த முனை என்று கூறும்! கருவியில் குற்றமில்லை, தடைகட்டிய இடம் ஒன்று, அளந்த இடம் வேறொன்று. இக்காரணத்தால் தேர்ந்தவர், சிறு பலகை ஒன்றில் பொருளைப் பற்றவைக்கும் அதே இடத்தில் அம்மூன்று முனைகளையும் அமைத்துக்கொள்கின்றனர்.

எதிரொலி முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. 50 ஓமை ஒட்டிய எதிர்ப்புகளை அது செவ்வையாகக் காட்டும். மிகப் பெரியவற்றிலும் மிகச் சிறியவற்றிலும் தடுமாறும். 5,000 ஓம் முனையிலிருந்து அலையின் நூற்றில் 98 பங்கு மீளும். 10,000 ஓம் முனையிலிருந்து 99 பங்கு. எதிர்ப்பு இரட்டித்தும், எதிரொலி நூற்றில் ஒரு பங்கே மாறுகின்றது. அளவையில் நேரும் சிறு பிழையே அவ்வேறுபாட்டை விழுங்கிவிடும். அத்தகைய பொருளை, கருவியின் இரண்டு வாய்களுக்கும் இடையே தொடராக இணைத்து, எவ்வளவு அலை கடந்து செல்கின்றது என்று பார்த்தல் தகும். மிகச் சிறிய எதிர்ப்பாயின், இரு வாய்களையும் கம்பியால் சேர்த்து, அக்கம்பிக்கும் புவித்தொடர்புக்கும் இடையே பொருளைக் குறுக்காக வைத்தல் வேண்டும். அதன் எதிர்ப்பு 0.1 ஓம் எனின், அனுப்பிய அலையில் 250இல் ஒரு பங்கே மறுபக்கம் சேரும், 0.05 ஓம் எனின் 500இல் ஒரு பங்கு. இங்கே எதிர்ப்புப் பாதியானால் அளவும் பாதியாகின்றது, ஐயத்திற்கு இடமில்லை.

நம் வில்லையை இவ்வாறு குறுக்கே வைத்து அளந்தால், திரையில் ஒரு கோடு இறங்கி, 5 மெகா ஹெர்ட்சளவில் ஆழ்ந்த பள்ளமாகி, மீண்டும் ஏறும். அப்பள்ளத்தின் அடியே ஒத்ததிர்வு. இனி, இரண்டு கால்களையும் தம்மால் இயன்றவரை குட்டையாக நறுக்கிப் பற்றவைத்துப் பாருங்கள். பள்ளம் வலப்புறம் நகரும். கம்பிக் கால்களே இல்லாமல், பலகையின்மேல் படிய வைக்கும் அரிசி போன்ற மின்தேக்கிகளும் உண்டு. அவற்றிலும் 100 நானோஃபாரடு கிடைக்கும். அத்தகைய ஒன்றை அவ்விடத்தில் வைத்தால், தூண்டும் பண்பு 1 நானோஹென்றி அளவுக்குக் குறைந்து, பள்ளம் 16 மெகா ஹெர்ட்சுக்கு அருகில் சென்று விழும்.