பீவி என்னும் சொல்

நம் சமூகத்துப் பெண்மக்கள் பலருடைய பெயரின் கடைசியில் "பீவி" என்ற சொல் நிற்கக் காண்கிறோம். ஆமினா பீவி, ஹலீமா பீவி, மைமூன் பீவி என நாள்தோறும் சொல்கிறோம். ஆனால் அச்சொல்லுக்குப் பொருள் யாது என்று வினவினால், "அதுவும் பெயரில் ஒரு பாதிதானே" என்பார்கள். பெயர் ஆமினா என்பதோடு முடிந்துவிட்டது. பீவி என்பது அப்பெயருக்கு நாம் செய்யும் மரியாதை.

"பீபி" என்பது பார்ஸி மொழிச் சொல். இல்லத்தலைவி, கண்ணியமான மாது, பாட்டியார் என்றெல்லாம் அதற்குப் பொருளுண்டு. நம் நாவில் அது பீவி ஆயிற்று. 1595இல் மொகலாயப் படை அகமதுநகரை முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்து நின்ற சாந்த் பீபியின் பெயரில் இருப்பதும் இதுவே. கண்ணூர் அறக்கல் வமிசத்தில் ஆண் பட்டத்துக்கு வந்தால் ஆலி ராஜா. பெண் வந்தால் அறக்கல் பீவி. அரசிக்குரிய இச்சொல்லை நம் முன்னோர் கூலிக்காரர் வீட்டுப் பெண்குழந்தைக்கும் தயங்காமல் சூட்டினார்கள். அது சின்னக் காரியமன்று.

அரபியில் "ஸித்தீ" என்றால் "என் தலைவி". மலாய்க்காரர் சித்தி கதீஜா, சித்தி ஆமினா என்று பெயரிடுவது அதிலிருந்து வந்தது. நாமோ நம் தமிழிலிருந்தே எடுத்து, கதீஜா நாச்சியார், பாத்திமா நாயகி என்று சொல்லி வருகிறோம். ஆக பீவி, சித்தி, நாச்சியார் மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை.

உருது பேசுவோரிடத்தில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். அவர்கள் பேச்சில் "பீபி" மரியாதைச் சொல்லாக நிற்க, "பீவி" என்பது மனைவி என்று பொருள்படும். வடநாட்டு வியாபாரியிடம் நம் தமக்கையைக் காட்டி, பெயரைச் சொல்லாமல் "பீவி" என்று மட்டும் சொன்னால் அவர் வேறாக விளங்கிக்கொள்வார்!

மலாயிலும் "பீபி", "பீபிக்" உண்டு. பெரானாக்கான் குடும்பங்களில் வயதில் மூத்த அம்மையாரைப் பீபிக் என்று மதிப்போடு அழைப்பர். இன்றோ இந்தோனேசியாவிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பெண்ணுக்கு அது பொதுப்பெயராகிவிட்டது. சொல்லில் குற்றமில்லை, அதட்டிக் கூப்பிடும் நாக்கில்தான் இருக்கிறது. "மாமா" என்ற உறவுச் சொல் "மாமாக்" ஆகி, கடைக்குப் பெயராகி, சிலர் வாயில் ஏளனமாகவும் ஆனதை அறிந்த நாம் இதை உணர வேண்டாமா?

இனி, வியாபாரிகளாகிய நமக்கு நேரடியாகப் படும் விஷயம் ஒன்று. ஊரில் பிறப்புச் சான்றில் "ஆமினா" என்றும், பாஸ்போர்ட்டில் "ஆமினா பீவி" என்றும், இங்குள்ள அடையாள அட்டையில் "ஆமினா பீபி பிந்தி இன்னார்" என்றும் எழுதப்பட்டிருந்தால், காகிதத்தில் அவர்கள் மூன்று பெண்கள். சில தஸ்தாவேஜுகளில் "பீவி" குடும்பப் பெயருக்கான கட்டத்தில் விழுந்துவிடுகிறது. அப்போது மாமியாரும் மருமகளும் ஒரே வமிசத்தார்போல் காட்சி தருவார்கள், உடன்பிறந்த தம்பியோ அந்நியராகி நிற்பார். தாயின் வீட்டையோ தகப்பனின் கடையையோ பாகம் பிரிக்கும் நாளில்தான் இதன் கஷ்டம் தெரியும். குர்ஆன் பங்கு வகுத்துக் கொடுத்த மகள், "நானே அந்த ஆமினா" என்று சத்தியப் பிரமாணம் எழுதிக்கொண்டு அலைய நேரும். பொறுமையிழந்த பெண் கையொப்பமிட்டுப் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு.

ஆதலால் பேத்திக்குப் பெயர் பதியும்போதே, பீவி வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வேண்டுமென்றால் எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்தில் இருக்கட்டும். வீட்டிலுள்ள பெண்களின் சான்றுகளையும் அட்டைகளையும் ஒரு நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், சம்பந்தப்பட்டவர் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே திருத்த மனுச் செய்வது எளிது.

கடையில் பெயர் தெரியாத பெண்களைக் கூப்பிடப் பீவி உதவாது. நம்மவர் என்றால் லாத்தா, மாமி. மலாய்க்காரர் என்றால் காக்காக், மாக்சிக். அலுவலகத்திலிருந்து வருபவர் என்றால் புவான். கடனேட்டில் எழுதும்போது மட்டும் "மூன்றாம் வீட்டுப் பொம்பளை" என்று எழுதாமல், பெயரைக் கேட்டுப் பீவியையும் சேர்த்தே எழுதலாம்.