நைட் டியூட்டி முடிந்த காலையில் ஓட வேண்டாம்

அரசு மருத்துவமனையில் நைட் டியூட்டி பார்க்கும் பி.ஜி. மருத்துவரிடம் உடற்பயிற்சி பற்றிக் கேட்டால், கேஷுவால்ட்டிக்கும் வார்டுக்கும் நடந்த நடை போதாதா என்பார். கால்கள் உழைத்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு முடிவெடுத்து, நடுவே போனுக்கும் பதில் சொல்லிக்கொண்டே நடக்கும் நடை மூளைக்கு ஓய்வு தராது. அதற்கென்று தனியாக நடக்கத்தான் வேண்டும். எப்போது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

2009-இல் சாமுவேல் மார்க்கோரா குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூளைக்கு 90 நிமிடம் கடும் வேலை கொடுத்தபின் சைக்கிள் மிதித்தவர்கள், வழக்கத்தைவிடச் சீக்கிரமே ஓய்ந்துவிட்டார்கள். இதயமும் தசைகளும் காரணமல்ல. அதே உழைப்பு அவர்களுக்குக் கூடுதல் பாரமாகத் தெரிந்தது. ஆகவே டியூட்டி முடிந்ததும் உடற்பயிற்சியை நினைத்தாலே மலைப்பாக இருந்தால், அதைச் சோம்பல் என்று எண்ணி உங்களையே கடிந்துகொள்ளாதீர்கள்.

அன்று காலை ஓட்டமும் வேண்டாம், ஜிம்மும் வேண்டாம். முதலில் தூக்கம். அதற்கும் முன்னால், வீடு போய்ச் சேரும் வழியை யோசியுங்கள். தொடர்ந்து 24 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மி.லி. இரத்தத்தில் சுமார் 100 மி.கி. மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30 மி.கி.தான். பைக்கை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள்.

வீட்டில் சில மணி நேரம் தூங்கி எழுந்து, மாலை வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடந்தால் போதும். அன்றிரவு சீக்கிரம் படுங்கள். வேர்க்க விறுவிறுக்கச் செய்யும் பயிற்சியை டியூட்டி இல்லாத நாட்களுக்கு வையுங்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை இரண்டு மூன்று நாட்களில் முடித்தாலும் பலன் உண்டு.

டியூட்டியின்போது மிகக் கடினமான நேரம் விடியற்காலை மூன்று முதல் ஐந்து மணி வரை. லிஃப்டை விட்டு இரண்டு மாடி படியேறினால் சற்று நேரம் தெளிவு கிடைக்கும். அது தூக்கத்துக்கு ஈடாகாது. அந்த நேரத்தில் மருந்தின் அளவைக் கணக்கிட்டால், பக்கத்தில் இருக்கும் செவிலியரிடம் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். இதில் கௌரவம் பார்க்க வேண்டாம். இடைவேளை கிடைத்தால் இருபது நிமிடம் கண்ணயருங்கள். விடியும் நேரத்து டீயைத் தவிருங்கள். அதிலுள்ள காஃபீனில் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், காலைத் தூக்கம் கெடும்.

டியூட்டி பட்டியல் போடும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் பரிந்துரைத்திருக்கிறது. குறைந்தபட்சம், நைட் முடித்தவரை அன்று காலை ஓ.பி.யில் உட்கார வைக்காதீர்கள்.